பல்லக்காவும் சம்பந்தியின் கீழ்வரிசையும்

மனிதர்களை முகத்தால் அடையாளம் காண்பவர்கள் உண்டு. நடையைப் பார்த்தே சொல்லிவிடுபவர்களும் உண்டு. பல்லக்கா பல்லால் காண்பவர். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இதனால் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்ட பாட்டைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

அவர் வேலை செய்யும் பல் ஆஸ்பத்திரியில் இரண்டு அறைகள். முன்னறையில் டாக்டர் சொத்தையை அடைப்பார், பல்லைப் பிடுங்குவார், பணிவாகப் பேசுவார். பின்னறை பல்லக்காவின் ராஜ்ஜியம். பல்லிடுக்கில் ஏறிய காரையைச் சுரண்டி, கறையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, கூடவே நாலு திட்டும் கொடுத்து அனுப்புவது அவர் பொறுப்பு. திட்டுக்குத் தனிக்கட்டணம் கிடையாது.

பின்னறைக்குப் பெயர் வராது, முகம் வராது. வாய் மட்டும்தான் வரும். விளக்கு கூசாமலிருக்க வருகிறவர்களின் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடுவார். அவர் முகத்தில் பாதி மாஸ்க்குக்குள் இருக்கும். ஆகவே மூக்குக்குக் கீழே, தாடைக்கு மேலே உள்ள பிரதேசம்தான் அவர் அறிந்த உலகம். தெருவில் யாராவது கும்பிட்டால் திருதிருவென்று விழிப்பார். கும்பிட்டவர், "என்ன இவ்வளவு கர்வம்" என்று நினைத்துக்கொண்டே ஒரு சிரிப்புச் சிரித்து வைத்தால் போதும். "அட, சிங்கப்பல்லா! வாங்க வாங்க, ரத்தம் வர்றது நின்னுச்சா?" என்று நடுத்தெருவில் நலம் விசாரிப்பார்.

அந்த நாற்காலியில் சாய்ந்ததும் யோக்கியர்கள்கூடப் பொய் சொல்வார்கள். ரெண்டு வேளையும் துலக்குவதாகச் சத்தியம் செய்வார்கள். பல்லக்கா மறுத்துப் பேச மாட்டார். "நீங்க அப்படிச் சொல்றீங்க. உங்க ஈறு வேற மாதிரி சொல்லுதே" என்பார். அவ்வளவுதான், ஆசாமி கவிழ்ந்துவிடுவார்.

வெறும் திட்டுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். குழாய்த் தண்ணீர் கூசும் என்று, வீட்டிலிருந்தே பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து, விளாவி வாய் கொப்பளிக்கக் கொடுப்பவர் அவர். கையால் வாயை மூடிக்கொண்டே சிரித்துப் பழகிய பெண்கள் அந்த அறையிலிருந்து கையை வீசிக்கொண்டு வெளியே போயிருக்கிறார்கள். இன்னொன்று: அந்த நாற்காலியில் கேட்டது எதுவும் அந்த அறைக் கதவைத் தாண்டியதில்லை.

அந்த வாரம் ஒரு வாய் வந்தது. இடது கடைவாய் ஈறு வீங்கியிருந்தது. கீழ்வரிசை உட்புறம் அடுப்படிச் சுவர் மாதிரி இருந்தது.

"சிகரெட் உண்டா?"

"விட்டு மூணு வருஷம் ஆச்சும்மா."

"நீங்க அப்படிச் சொல்றீங்க. உங்க ஈறு வேற மாதிரி சொல்லுதே. இன்னிக்குக் காலையிலகூட ஒண்ணு ஆச்சு போலிருக்கே?"

வாய் கொஞ்ச நேரம் திறந்தபடி யோசித்தது. கொப்பளித்துத் துப்பிவிட்டு, "மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போறேன்னு போவேன். வீட்ல தெரியாது" என்றது.

"வீட்ல சொல்றதும் சொல்லாததும் உங்க பாடு. ஆனா இந்த வயசுல பண்ற வேலையா இது? பால்பல்லு விழாத பசங்க உங்களைவிடத் தேவலை. ஒரு வாரத்துக்கு வலது பக்கமா மெல்லுங்க. இன்னும் நல்லாத் திறங்க!"

வாய் நல்ல பிள்ளையாகத் திறந்தது.

இனி ஞாயிற்றுக்கிழமை. பல்லக்காவின் மகளும் அவளோடு வேலை பார்க்கும் பையன் ஒருவனும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்திருந்தார்கள். பையனின் அப்பா அம்மா அன்று டீ குடிக்க வருவதாக ஏற்பாடு. அப்பா தலையசைத்தால் கல்யாணம், இல்லாவிட்டால் இழுபறி.

"அம்மா, அவங்கப்பா ரொம்ப கௌரவம் பார்க்கிறவரு. இன்னிக்கு ஒருநாள் யார் பல்லைப் பத்தியும் பேசிடாத. வர்றவங்க விருந்தாளிம்மா, பேஷண்ட் இல்ல."

"எனக்கென்ன பைத்தியமா?" என்றார் பல்லக்கா, பல்லில் ஒட்டும் கேக்கை மேஜையிலிருந்து எடுத்துவிட்டு வறுத்த வேர்க்கடலையை வைத்தபடி.

பையனையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பையனின் அம்மா கலகலவென்று பேசினார். அப்பா நீதிபதி மாதிரி உதட்டை இறுக்கி உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார். பல்லக்காவின் கணவர் கடிகாரம் ரிப்பேர் செய்பவர். "ஊருக்கெல்லாம் நேரத்தைச் சரிபண்றேன், என் நேரம்தான் சரியில்ல" என்று மனைவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நீதிபதி அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

கீழ்வரிசை தெரிந்தது.

கடலைத் தட்டை நீட்டிக்கொண்டிருந்த பல்லக்கா, பழக்கதோஷத்தில், "வலது பக்கமா மெல்லுங்க" என்று சொல்லிவிட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் நீதிபதியின் வாய் தானாகவே நன்றாகத் திறந்தது. கையிலிருந்த டீ சாஸரில் கொட்டியது.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஓ, இவரு பல்லு சுத்தம் பண்ணப் போனது உங்ககிட்டதானா!" என்று பையனின் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நல்லதாப் போச்சு. மூணு வருஷமா சிகரெட்டைத் தொடவே இல்லைங்கறார். எனக்கு நம்பிக்கை இல்ல. பல்லைப் பார்த்தாத் தெரிஞ்சிடுமாமே? நீங்களே சொல்லுங்க."

நீதிபதி இப்போது குற்றவாளிக் கூண்டில் நின்றார். பல்லக்காவின் நிலைமை அதைவிட மோசம். பல் விஷயத்தில் அவர் பொய் சொன்னதில்லை. நாற்காலி ரகசியத்தை வெளியே விட்டதுமில்லை. இரண்டையும் காப்பாற்றினால் மகளின் கல்யாணம் கையை விட்டுப் போகும் போலிருந்தது. ஒரே ஒரு "விட்டுட்டார்" போதும், எல்லோரும் சந்தோஷமாகக் கடலை தின்னலாம்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. என் சேர்ல உட்கார்ந்தவங்களைப் பத்தி நான் வெளியில பேசறதில்ல. நாளைக்கு இவரே வந்து உங்க பல்லைப் பத்திக் கேட்டாலும் இதே பதில்தான்."

"நெசம்தாங்க. எங்கப்பாவுக்குப் பல்செட்டுன்னே எனக்கு அவர் போனப்புறம்தான் தெரியும்" என்றார் கணவர், பழைய மனத்தாங்கலுடன்.

"அப்போ ஏதோ இருக்கு!"

மகள் பையனைப் பார்த்தாள். பையன் தரையைப் பார்த்தான். சாஸரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அவங்களை விடு. நானே சொல்லிடறேன்" என்றார் நீதிபதி. "மாடிக்குத் துணி எடுக்கப் போவேன்ல..."

"அதானே பார்த்தேன்! காயாத துணியெல்லாம் கீழ வந்தது அதனாலயா? ஈரப் பனியனைப் போட்டு இவனுக்கு ஜலதோஷமே பிடிச்சுதே!"

அந்த அம்மாள் அன்று செய்த அர்ச்சனையில் பாதியைக்கூட இங்கே எழுத முடியாது. எல்லாம் ஓய்ந்தபின் நீதிபதி பல்லக்காவைக் கையால் காட்டினார்.

"எங்கம்மாவுக்கு அப்புறம் என்னைச் சின்னப் பையன் மாதிரி திட்டினது இவங்க ஒருத்தர்தான். திட்டினதை வெளியில சொல்லாதவங்களை நான் பார்த்ததே இல்ல. நல்ல இடமாத்தான் பார்த்திருக்கான் பையன்."

"எனக்கும் சம்மதம்தான்" என்றார் அந்த அம்மாள். "ஆனா இனிமே துணியை நான்தான் எடுப்பேன்."

கல்யாணம் நடந்தது. போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். சம்பந்தி வாய்கொள்ளாமல் சிரிக்கிறார். பல்லக்கா மட்டும் கழுத்தைத் திருப்பி, சம்பந்தியின் கீழ்வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். படத்தை வாங்கிவந்து காட்டிய மகள், "இங்கயுமாம்மா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பல்லக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் துலக்கியிருக்காரு" என்றார். "சொன்னேன்னு சொல்லிடாத."