வேலியில் விட்ட சந்து

சர்க்கார் சம்பளம் கொடுத்து வேலிக்குக் காவல் வைத்த ஆளே, ஆடு நுழைகிற அளவுக்கு அதில் சந்து விட்டான் என்றால் அவனை என்னவென்று சொல்வது? என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். அந்த ஆள் நான்தான்.

ஐம்பதுகளின் தொடக்கம். துறைமுகத்துக்கு வடக்கே கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது. ராயபுரம் பக்கம் கல்லைக் கொட்டினார்கள். எண்ணூர்ப் பக்கம், காற்றில் பறக்கிற மணலைப் பிடித்து நிறுத்தச் சவுக்குக் கன்று நட்டார்கள். தண்ணீர் ஊற்றவும் ஆடுமாடு அண்டாமல் பார்க்கவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டிச் சத்தத்திலேயே வளர்ந்த நான், அமைதியான இடம் என்று ஆசைப்பட்டுப் போனேன்.

அமைதி என்றால் அப்படியொரு அமைதி. ஓர் ஓலைக் குடிசை, மணலில் தோண்டிய ஊற்று, இரண்டு குடம். சவுக்குக் கன்றிடம் "துன்னியா?" என்று சாப்பாடு விசாரிப்பேன். அது பதில் சொல்லாது. சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலையை விட்டு ஓடியிருப்பேன்.

ஒருநாள் வேலி முள் சரிந்து ஓர் ஆடு உள்ளே வந்துவிட்டது. பிடித்துக் கட்டினேன். தேடிக்கொண்டு ஆட்டுக்காரம்மா வந்தார். பக்கத்துக் குப்பத்தில் கருவாடு காயவைக்கிறவர்.

"இன்னாய்யா, என் ஆட்ட கட்டி வச்சிகினு கீற?"

"சர்க்கார் கன்ன கடிச்சிட்ச்சிம்மா."

"இத்தினி நாளு மேஞ்ச எடத்த நீங்க வளைச்சிகினா, அது இன்னா கடல் தண்ணியவா மேயும்?"

என் மூக்கு, என் கால்சட்டை, என்னை வேலைக்கு வைத்தவன் புத்தி, எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"மூஞ்சப் பாரு. திட்டுனா இளிக்குது."

ஆட்டை அவிழ்த்துக்கொண்டு அவர் போனபிறகு அந்த வேலிச் சந்தை அடைக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாளும் ஆடு வந்தது; பின்னாலேயே திட்டும் வந்தது. போகப்போக, திட்டி முடித்ததும் என் குடத்துத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, குப்பத்துச் சண்டைகளையும் சொல்லிவிட்டுப் போவார். கன்று ஒன்றிரண்டு மொட்டையானதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

வேலையை மேற்பார்க்க வந்த மேஸ்திரி பார்த்துவிட்டார். "இன்னொரு கன்னு கடிபட்டுச்சின்னா நீ வூட்டுக்குப் போயிடு."

வேலை போய்விடுமே என்று முள் வெட்டி இறுக்கி அடைத்தேன். ஆடு வெளியே நின்று பார்த்தது. ஆட்டுக்காரம்மா அதை இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்குத் திட்டவே இல்லை. அப்புறம் அந்தப் பக்கம் வரவும் இல்லை.

கன்றுகள் ஆள் உயரம் வளர்ந்தன. மணல் நின்றது. மேஸ்திரி என் முதுகில் தட்டினார். அவரிடம் கேட்டு, வேலியில் ஒரு பக்கம் பிரித்துவிட்டுக் குப்பத்துக்கு நடந்தேன். ஆட்டுக்காரம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கன்னு வளந்துட்ச்சிம்மா. இனிமே ஆட்டுக்கு எட்டாது. அடியில புல்லும் கீது. வழி வுட்டுகீறேன், ஓட்டிகினு வா. கூடவே நீயும் வந்து நாலு திட்டு திட்டிட்டுப் போ."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆட்ட வித்துட்டேன் நைனா."