இடிக்கு அஞ்சாத கேபிள்

கறுப்பு நிறம், மேலே பாம்புச் சட்டை போல வலைப்பின்னல் உறை, இரு முனையிலும் என் கட்டைவிரல் பருமனுக்கு உலோகத் தலை. பெரிய மச்சான் அந்த நெட்வொர்க் கேபிளைச் சாப்பாட்டு மேசையில் பிரித்து வைத்தார். மச்சான் என் மனைவியின் அண்ணன். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் பழுதுபார்த்து ஓய்வுபெற்று, கிள்ளானில் எங்கள் வீட்டு மாடியறைக்கு ஒரு பெட்டித் துணியோடும் நான்கு பெட்டி ஹைஃபை சாமான்களோடும் வந்து சேர்ந்தவர். இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் ஸ்ட்ரீமரை வாங்கிய அன்றே பாட்டுக் கேட்டிருக்கலாம். கீழே கூடத்திலுள்ள ரௌட்டரிலிருந்து மாடிக்கு எந்தக் கேபிளை இழுப்பது என்பதில் ஒரு மாதம் போயிற்று.

கடைசிச் சுற்றுக்கு மூன்று வந்தன. ரௌட்டரோடு இலவசமாக வந்த நீலம், பிரிக்பீல்ட்ஸ் கணினிக் கடையில் வாங்கிய சாம்பல், பிறகு இந்தக் கறுப்பு. எங்களை வரிசையாக உட்காரவைத்து ஒரே தவில் வாசிப்பை மூன்று முறை போட்டார். மூன்றும் ஒன்றாகத்தான் கேட்கிறது என்று சொல்லிவிட்டு மனைவி அடுப்பைப் பார்க்கப் போனாள். பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கும் பதினேழு வயது மகள், சீக்கிரம் எழுந்து போகலாம் என்று நீலத்துக்குக் கை தூக்கினாள். கறுப்பு ஓடும்போது மச்சான் கண்ணை மூடிக்கொண்டு, “தவில்காரரு மூச்சு விடுறது கேக்குதா மாப்ள?” என்றார். கேட்கிறது என்றேன். பொய் அங்கே தொடங்கியது.

கடைக்காரன் சொன்னபடி புதுக் கேபிள் இருநூறு மணி நேரம் இடைவிடாமல் ஓடினால்தான் ஓசை ‘திறக்குமாம்’. அதுவரை யாரும் பிடுங்கக்கூடாது என்று உத்தரவு. எங்கள் ஊரிலோ, மதியத்துக்குமேல் வானம் கறுத்தால் பிளக்குகளைப் பிடுங்குவது பல் துலக்குவது போல ஒரு பழக்கம். எனக்கு அது பழக்கம் மட்டுமல்ல, பயமும். இடி வரும் கேபிள், மகள் படிக்கும் மேசை, இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதே எனக்குப் பொறுக்காது. மச்சான் ‘மாமாக்’ சாப்பாட்டுக் கடைக்கு தே தாரேக் என்கிற இழுத்த டீ குடிக்கப் போகும் நேரமும் இடி இறங்கும் நேரமும் தினமும் ஒன்றாகவே அமைந்தன. அவர் தெருமுனை திரும்பியதும் மாடியேறிக் கேபிளைப் பிடுங்குவேன். திரும்பி வருவதற்குள் சொருகிவிடுவேன். மச்சானோ ஒவ்வொரு நாளும் ஓசை விரிகிறது, ஆழமாகிறது என்று அறிக்கை வாசித்தார்.

ஒரு சாயங்காலம் இடி வீட்டுக்குப் பின்னாலேயே விழுந்தது. மாடியில் எல்லாவற்றையும் பிடுங்கியிருந்தேன். மகளுக்குக் கூடத்தில் இணைய வகுப்பு, பத்து நிமிடம் கெஞ்சினாள் என்று ரௌட்டரும் டிவியும் சேர்ந்திருந்த பிளக்கை மட்டும் விட்டிருந்தேன். அவள் முழங்கைக்கு ஒரு முழம் தள்ளி ரௌட்டர் நீலப் பொறியோடு வெடித்தது. அவள் அலறி, பிறகு சிரித்தாள். எனக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை. பழக்கதோஷத்தில் மேலே போய்க் கேபிளையும் மின்பிளக்கையும் திரும்பச் சொருகிவிட்டும் வந்தேன்.

மச்சான் வந்தார். ரௌட்டர் கரி, டிவி கரி. மாடியில் ஸ்ட்ரீமர் மட்டும் விளக்கெரிய உட்கார்ந்திருந்தது.

“பாத்தியா மாப்ள, இந்தக் கேபிளோட கவசம் இடியையே நிறுத்திருச்சு.”

நான் தலையாட்டினேன். மறுவாரம் புது ரௌட்டரோடு அதே போல் இன்னொரு கேபிளை என் மகளின் கணினிக்கு வாங்கிவந்து மாட்டினார்.

அடுத்த இடி மழையில் மகளின் அறைக்கு ஓடினேன். எல்லாம் சொருகியபடி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மாமா கேபிள் இருக்குலா பா. இடியைத் தாங்கும்.”

அவள் காதில் மாட்டியிருந்தது என் பொய். ஹெட்போனைக் கழற்றி, கேபிளை உருவினேன். மச்சான் குடையை மடக்குவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“எத்தனை தடவை புடுங்கின?”

“இடி இடிச்ச எல்லா நாளும் மச்சான்.”

கிள்ளானில் அதற்கு என்ன அர்த்தம் என்பது அவருக்குத் தெரியும். “அப்போ தவில்ல பேஸ் நல்லா இறங்குதுன்னு சொன்னேனே, அன்னிக்கு?” என்று கேட்டார். அன்றைக்கு இரண்டு தடவை என்றேன். மாடிக்குப் போனவர் சாப்பிடவும் இறங்கவில்லை. காலையில் பார்த்தால் மகளின் மேசையிலிருந்த கறுப்புக் கேபிள் போய், பழைய வைஃபை திரும்பியிருந்தது.

இப்போது அவர் பூச்சோங்கில் தன் மகன் வீட்டில் இருக்கிறார். அந்தப் பக்கம் இருட்டினால் உடனே எனக்கு அழைப்பு வரும். நேற்றும் வந்தது.

“மாப்ள, இங்க கறுத்துக்கிட்டு வருது. புடுங்கிட்டியா? புள்ள எங்க?”

அவள் பாதுகாப்பாக இருக்கிறாள் என்றேன். நீங்கள் பிடுங்கினீர்களா என்று கேட்டேன்.

“அப்பவே. தினமும் புடுங்கிப் புடுங்கிச் சொருகினாத்தான் சவுண்டு திறக்குது மாப்ள. கடைக்காரனுக்கு இது தெரியல.”

ஆமாம் மச்சான், எனக்கும் அப்படித்தான் கேட்டது என்றேன்.