தாழிக்குள் ஒரு விருந்தாளி

ஜும்பெருக்குத் தாழி கழுவுகிற வேலை. அலசானிப் பள்ளத்தாக்கில் அவன் இறங்காத தாழி கிடையாது. எங்கள் ககேத்தியில் ஒயினை மரப்பீப்பாயில் வைப்பதில்லை. மண்ணுக்குள் கழுத்துவரை புதைத்த களிமண் தாழியில்தான் வைப்போம். அறுவடைக்கு முன்னால் ஒருவர் உள்ளே இறங்கி, செர்ரி மரப்பட்டைத் தூரிகையால் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாய் குறுகல், வயிறு பெரிது. தாழியைச் சொல்கிறேன். ஜும்பெரும் போகப்போக அப்படி ஆனதுதான் கதை.

இருபது வயதில் அவன் கயிறுபோல் இருந்தான். தாழிக்குள் போட்டால் எங்கே இருக்கிறான் என்று தேட வேண்டும். அம்மா செத்தபிறகு தனியாள், வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் வேலைக்குப் போன வீட்டிலெல்லாம் சாப்பாடு போட்டார்கள். எந்த வேலைக்கு வந்தவனும் சாப்பாட்டு வேளையில் நம் கூரைக்குக் கீழே இருந்தால் அவன் விருந்தாளி. விருந்தாளியைப் பட்டினி போடுவது எங்கள் ஊரில் கொலைக்கு அடுத்த பாவம். சில வீடுகளில் கொலைக்கு முந்தியது.

போன புரட்டாசியில், ஒரு வியாழக்கிழமை காலை, அவன் எங்கள் பெரிய தாழிக்குள் இறங்கினான். மூச்சை இழுத்துப் பிடித்து, இரண்டு கையையும் தூக்கி, கொஞ்சம் நெளிந்துதான் போனான். நான் கவனித்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அது என் வழக்கமே இல்லை.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏறி இறங்கச் சோம்பலா இருக்கு, ஸிஸானாம்மா. இங்கயே அனுப்பிடுங்களேன்."

நானும் அனுப்பினேன். கூடையில் கயிறு கட்டி, திராட்சைக் கொடியை எரித்துச் சுட்ட பன்றிக்கறி, வால்நட் அரைத்துப் பூசிய கத்தரிக்காய், பீன்ஸ் குழம்பு, பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி இரண்டு. கூடை காலியாக வந்தது. மறுபடி அனுப்பினேன். மறுபடி காலி. இப்போது நினைத்தால் என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சாயங்காலம் ஏணியில் ஏறினான். தலை வந்தது, தோள் வந்தது, நெஞ்சு வந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

தரையில் முட்டைக்கோஸ் முளைத்த மாதிரி, ஒயின் அறை நடுவில் ஜும்பெரின் தலை. என் கணவர் வாஷா அவன் அக்குளைப் பிடித்து இழுத்தார். பக்கத்து வீட்டு அன்ஸோர் என் கணவரைப் பிடித்து இழுத்தார். ஜும்பெருக்கு ஏப்பம் மட்டும் வந்தது.

"சனிக்கிழமை காலையில சப்பராவி வந்துரும்" என்றார் வாஷா, முகம் வெளுத்து. "ஞாயித்துக்கிழமை ஆலங்கட்டி மழைங்கிறான் ரேடியோல. பறிக்காம விட முடியாது. பறிச்சா ஊத்த வேற தாழி கிடையாது."

சப்பராவி எங்கள் கறுப்புத் திராட்சை. தோல் மட்டுமல்ல, சதையும் சிவப்பு. அதில் வருகிற ஒயின் கோப்பையில் ஊற்றினால் மறுபக்கம் விளக்கே தெரியாது. ஒரு வாய் குடித்தால் பல் நீலம், உதடு நீலம், மீசை நீலம். குடிக்கவில்லை என்று எங்கள் ஊரில் எவனும் பெண்டாட்டியிடம் சாதிக்க முடியாது.

"உடைச்சுரலாம்" என்றார் அன்ஸோர்.

"யாரை?" என்றான் ஜும்பெர்.

தாழி வாஷாவின் முப்பாட்டன் புதைத்தது. அதை உடைப்பதற்குப் பதில் அவர் தன் இரண்டு முழங்காலையும் உடைத்துக்கொள்வார். எனவே ஒரே வழிதான், வயிறு வற்ற வேண்டும். வாஷா ஜும்பெரை ஏணியில் ஒரு படி இறங்கி நிற்கச் சொல்லி, கயிற்றை உள்ளே விட்டு அவன் வயிற்றைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க, ஜும்பெர்" என்றார் மிகப் பணிவாக. "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் உங்களுக்குச் சாப்பாடு குடுக்க முடியாம இருக்கோம். மன்னிக்கணும்."

"அதுக்கென்ன, வாஷா ஐயா. எனக்கும் பசியே இல்ல."

எல்லாரும் சத்தியம் செய்தோம், ஒரு பருக்கைகூடக் கொடுப்பதில்லை என்று.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வாஷா கயிற்றை மறுபடி சுற்றினார். முடிச்சு எட்டவில்லை. நாலு விரல் பற்றாக்குறை.

"யாரு?" என்று கத்தினார். "யாரு குடுத்தது?"

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு லமாரா வாசலில் நின்றாள், சால்வைக்குள் ஏதோ ஆவி பறக்க.

"சூப்புதான்" என்றாள். "சூப்பு தண்ணி மாதிரிதானே. ராத்திரி குடுத்த கோழிதான் கொஞ்சம் கனம்."

அன்ஸோர் தன் பையிலிருந்து திராட்சைப்பாகில் தோய்த்த வால்நட் மாலை ஒன்றை மெதுவாக எடுத்து வைத்தார். "ரெண்டுல ஒண்ணு மிச்சம்" என்றார்.

நானும் ஒப்புக்கொண்டேன். விடியற்காலையில் அவன் பெருமூச்சு விட்டான், என்னால் தாங்க முடியவில்லை. ரொட்டி, பாலாடைக்கட்டி, நாலு முட்டை. அவ்வளவுதான்.

"நீங்க ஏன்யா தின்னீங்க?" என்றார் வாஷா ஜும்பெரிடம்.

"குடுக்கறவங்க மனசு நோகக் கூடாதுல்ல!" என்றான் அவன், உண்மையான வருத்தத்தோடு.

"ஒருத்தருக்காவது இந்த வீட்டு மேல அக்கறை இருக்கா? நான் ஒருத்தன்தானா பைத்தியம்?" என்று வாஷா வாயை அகலமாகத் திறந்து கத்தினார். அப்போதுதான் பார்த்தேன். பற்கள் நீலம். மீசை நுனி நீலம்.

எங்கள் ஆண்கள் தனியாகக் குடிக்க மாட்டார்கள். வாழ்த்துச் சொல்ல எதிரே ஒரு ஆள் வேண்டும். அந்தக் காலையில் எங்கள் வீட்டில் எதிரே இருந்த ஒரே ஆளின் தலை தரையில் இருந்தது. ஜும்பெரைப் பார்த்தேன். அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

"எத்தனை கோப்பை?" என்றேன்.

"மூணு" என்றார் வாஷா. "பட்டினி கிடக்கிறவர் நல்லா இருக்கணும்னு ஒண்ணு. அப்புறம் வெறும் வயித்துல குடிக்கக் கூடாதேன்னு கொஞ்சம் கறி."

பிறகு அவர் மூலையிலிருந்த சுத்தியலை எடுத்து வந்தார். தாழியின் விளிம்பருகே உட்கார்ந்தார். ஓங்கவில்லை. விளிம்பைத் தடவிக்கொண்டே அழுதார். ஜும்பெரும் அழுதான். கை உள்ளே இருந்ததால் அவன் கண்ணை லமாரா துடைத்துவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வீட்டில் முப்பத்தோரு வருஷமாக நான் எத்தனை நாள் பட்டினி கிடந்திருக்கிறேன், சமையலறையில் கையை உடைத்துக்கொண்டு? யாராவது கூடையில் இறக்கினார்களா? என் மகன் சாப்பிடமாட்டேன் என்றால் "கிட" என்று விடுகிறோமே? அப்போதுதான் மூளையில் பளிச்சென்றது.

"விருந்தாளியைத்தான் பட்டினி போடக் கூடாது" என்றேன். "வீட்டு ஆளைப் போடலாமே!"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். தரையில் இருந்தவனையும் சேர்த்தால் நாலு பேர்.

"அவரைத் தம்பியாக்கிக்குங்க."

எங்கள் பக்கத்தில் அதற்கு முறை இருக்கிறது. ஒயினில் வெள்ளியைச் சுரண்டிப் போட்டு ஒரே கோப்பையில் இருவர் குடித்தால் உயிருள்ளவரை சகோதரர்கள். ரத்த உறவுக்கு மேல். வாஷா தாடையைச் சொறிந்தார். பிறகு உள்ளே போய்த் தன் அப்பாவின் பழைய வெள்ளிக்காசையும் பேனாக்கத்தியையும் எடுத்து வந்தார். போன வருஷத்துச் சப்பராவியை ஊற்றினேன். அன்ஸோர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மலைகள் உருவான நாளில்..." என்று ஆரம்பித்தார். அவர் வாழ்த்துச் சொன்னால் பொழுது சாய்ந்துவிடும். லமாரா அவர் வாயில் ரொட்டியை அடைத்தாள்.

வாஷா தரையில் குப்புறப் படுத்து ஜும்பெரின் உதட்டில் கோப்பையை வைத்தார். பாதியைத் தான் குடித்தார்.

ஜும்பெர் உதட்டை நக்கிக்கொண்டான். "அம்மா போனதுக்கப்புறம்" என்றான், "எல்லா வீட்டுலயும் என்னை வாங்க, உட்காருங்கன்னுதான் சொல்லிருக்காங்க. நல்ல மரியாதை. ஆனா சாப்பாடு முடிஞ்சா எந்திரிச்சுப் போயிரணும்." பிறகு என்னைப் பார்த்து, முதல்முறையாக, "அண்ணி" என்றான்.

என் மனசு கரைந்தது. கை தானாக ரொட்டிக் கூடைக்குப் போனது.

"கையை எடுடி!" என்றார் வாஷா. பிறகு தரையைப் பார்த்து ஒரு கர்ஜனை. "டேய் ஜும்பெர்! நாளைக்குக் காலை வரைக்கும் ஒரு துண்டு ரொட்டி கிடையாது. மூச்சு விட்டே, பல்லைப் பேத்துருவேன். தின்னிப் பண்டாரம்! உள்ள இறங்கி நில்லு!"

"சரிண்ணா" என்றான் ஜும்பெர். இவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கிய மனிதனை நான் பார்த்ததில்லை.

லமாரா சூப்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். வாஷா கதவை மறித்தார். "என் தம்பி. நான் பட்டினி போடுவேன், அடிப்பேன், கொஞ்சுவேன். நடுவுல நீ யாரு?" அண்ணன் தம்பி விவகாரத்தில் அடுத்தவர் தலையிட எங்கள் ஊரில் உரிமை இல்லை. சூப்பு வீட்டுக்குத் திரும்பிப் போனது.

சனிக்கிழமை காலை கயிறு சுற்றிவந்து இரண்டு விரல் மிச்சம் இருந்தது. வயிற்றில் சூரியகாந்தி எண்ணெயைத் தடவி மூன்று பேர் இழுத்தோம். 'பொளக்' என்று ஒரு சத்தம். ஜும்பெர் வாஷாவின் மேல் விழ, வாஷா அன்ஸோரின் மேல் விழுந்தார். வெளியே திராட்சை வண்டி வந்து நிற்கிற சத்தம். தாழி முழுசாக இருந்தது. ஆனால் விளிம்பெல்லாம் எண்ணெய், உள்ளேயும் வழிந்திருந்தது. மறுபடி கழுவ வேண்டும், ஜும்பெரை இன்னொரு முறை இறக்க யாருக்கும் தைரியம் இல்லை. வாஷாவே இறங்கினார்.

ஜும்பெர் அன்றிலிருந்து எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறான். சாப்பிட்டு முடித்தால் எழுந்து போவதில்லை. இந்த வருஷமும் வாஷாதான் தாழிக்குள் இறங்கினார், இவன் இறங்குகிற அளவெல்லாம் எப்போதோ போய்விட்டது. இவன் விளிம்பில் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துக்கொண்டு, "அண்ணா, அந்த மூலையில இன்னும் கறை இருக்கு பாரு" என்றான்.

மத்தியானம் உள்ளேயிருந்து வாஷாவின் குரல் வந்தது. "ஸிஸானா, பசிக்குதுடி. ஏதாவது இறக்கேன்."

நான் கூடையை எடுத்தேன். ஜும்பெர் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இறக்காதீங்க, அண்ணி" என்றான், ரொட்டியை மென்றுகொண்டே. "அவர் என்ன விருந்தாளியா?"