ஆறு மணிக் கப்பலும் ஒரு வெள்ளைப் பின்னலும்

பயம் எனக்குப் புதிதல்ல. பஸ்ஸில் ஏறுவதற்கு முன் போர்டை மூன்று முறை படிப்பேன், ஏறி உட்கார்ந்த பிறகும் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம், "திருப்பதிதானே போவுது?" என்று கேட்பேன். இப்படிப்பட்டவளைப் பிடித்து, வெளியூர்க்காரர்களுக்குத் திருப்பதியைச் சுற்றிக் காட்டும் வேலை கொடுத்தார்கள் என்றால் அது அந்த டிராவல்ஸ் ஆபீஸின் தலையெழுத்து.

எனக்குச் சொந்த ஊர் ஆந்திர எல்லைப் பக்கம் பிச்சாட்டூர். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, ஆபீஸில் இரண்டும் கலந்த ஒரு கூட்டு. அதனால் தமிழ் பேசும் ஆட்கள் வந்தால் என் தலையில் கட்டிவிடுவார்கள். அப்படித்தான் அந்தக் கப்பல் அம்மாவும் என்னிடம் வந்து சேர்ந்தார்.

மலேசியாவிலிருந்து வந்த உல்லாசக் கப்பல் ஒன்று சென்னைத் துறைமுகத்தில் ஒரு பகல் மட்டும் நிற்கும். காலை ஏழு மணிக்கு இறங்கலாம், மாலை ஆறு மணிக்குள் ஏறிவிட வேண்டும். மற்றவர்கள் மகாபலிபுரம், மயிலாப்பூர் என்று கிளம்ப, எழுபது வயதுக்கு மேலான இந்த அம்மா மட்டும் திருப்பதி போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாராம். போக மூன்றரை மணி நேரம், வர மூன்றரை மணி நேரம். தரிசனத்துக்கு வழியே இல்லை. மலையேறி, கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு இறங்குவதுதான் ஏற்பாடு. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று நானும் போனில் சொல்லி வைத்தேன்.

துறைமுக வாசலில் அவருடைய மகள் என்னைத் தனியே அழைத்துச் சொன்னாள். நாற்பது வயது இருக்கும், தூக்கமில்லாத முகம்.

"அப்பாவுக்கு ஞாபகம் போயிடுச்சு. கப்பல்லதான் இருக்கார், பகல்ல நான் பார்த்துக்குவேன். இருட்டினா அம்மா பக்கத்துல இருக்கணும், இல்லாட்டி கத்துவார், கதவைத் தட்டுவார், யார் சொன்னாலும் அடங்க மாட்டார். ஆறு மணிக்கு அம்மா இங்க இருக்கணும். கப்பல் யாருக்காகவும் நிக்காது."

அப்போதே வாட்ச்சை ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

அந்த அம்மாவோ நிம்மதியாகப் பின் சீட்டில் சாய்ந்திருந்தார். நீலப் புடவை, தடித்த கண்ணாடி, இடுப்புக்குக் கீழே இறங்கும் வெள்ளை வெளேரென்ற பின்னல். இந்த வயதில் இவ்வளவு முடியா என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. மடியில் கைப்பையோடு ஒரு துணிப்பையும் வைத்திருந்தார். பிரசாதம் வாங்கிப் போவதற்கு என்று நினைத்துக்கொண்டேன். புத்தூர் தாண்டும்போது, "முடி காணிக்கை குடுக்க எவ்வளவு நேரமாகும்மா?" என்று கேட்டார். எல்லா டூரிஸ்ட்டும் கேட்பதுதானே. "அஞ்சு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி வாட்ச்சைப் பார்த்தேன். நான் எவ்வளவு பெரிய மக்கு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

டிரைவர் வெதுருகுப்பத்துக்காரர், என்னைவிடப் பெரியவர். அவரை நான் அண்ணா என்பேன், அவர் என்னைப் பாப்பா என்பார். மலையடிவாரத்து அலிபிரியில் சோதனைக்கு நின்ற வரிசையில் நான் நகம் கடிப்பதைப் பார்த்து, "இன்னா பாப்பா, நகத்தத் துன்னுக்கினு கீற? டிபன் போதலையா?" என்றார். சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

மேலே போய்ச் சேரும்போது மணி பதினொன்றே முக்கால். பன்னிரண்டரைக்குக் கிளம்பியே ஆக வேண்டும். தூரத்தில் கோபுரத்தைப் பார்த்து அந்த அம்மா கைகூப்பி நின்றார். கண்ணில் நீர் வழிந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்து, பையை என் கையில் கொடுத்தார். "முகம் கழுவிட்டு வந்துடறேன்மா, இங்கேயே இரு" என்றார். துணிப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனார்.

பத்து நிமிடம் நின்றேன். பதினைந்து நிமிடம் ஆனது. பெண்கள் குளியலறைப் பக்கம் போய்ப் பார்த்தேன், இல்லை. பன்னிரண்டரை ஆனபோது அவருடைய கைப்பையைத் திறந்து பார்த்தேன். அவருடைய போன் என்னிடம், பாஸ்போர்ட் என்னிடம், கப்பல் அடையாள அட்டை என்னிடம், கண்ணாடியும் என்னிடம். பார்வை தெரியாத ஒரு வயதான அம்மா, வெளிநாட்டுக்காரர், கையில் ஒரு காகிதம்கூட இல்லாமல் அந்தக் கூட்டத்துக்குள் இருக்கிறார்.

எதிரே வந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். "வெள்ளைப் பின்னல், நீலப் புடவை, பார்த்தீங்களா?" தமிழில் கேட்டேன், தெலுங்கில் கேட்டேன். ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "இங்க வந்து முடியத் தேடுறியேம்மா" என்று சிரித்தார். அவரை அடிக்கலாம் போலிருந்தது. அறிவிப்பு செய்கிற இடத்துக்கு ஓடினேன். ஒலிபெருக்கியில் அம்மாவின் பெயரைச் சொல்லி, மலேசியா, வெள்ளைப் பின்னல், நீலப் புடவை என்று இரண்டு மொழியிலும் அழைத்தார்கள். யாரும் வரவில்லை. டிரைவர் அண்ணா ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகத் தேடினோம். அவர் திரும்பி வந்து, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

ஒரு மணி தாண்டியது. அந்த அம்மா விட்டுப்போன இடத்துக்கே திரும்பி வந்து, அங்கிருந்த படியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு கிழவி, மஞ்சள் புடவையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேடி அலைந்ததில் அந்தப் படியை மூன்று முறை கடந்திருக்கிறேன், மூன்று முறையும் அவர் அங்கேதான் இருந்தார். திருப்பதியில் வேலை பார்க்கிறவர்களுக்கு மொட்டைத் தலை கண்ணில் படுவதே இல்லை. தெருவில் கம்பம் நிற்கிற மாதிரிதான் அதுவும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்கவில்லை.

அப்போது மடியில் இருந்த கைப்பைக்குள் போன் அடித்தது. கப்பலிலிருந்து மகள். எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். என்ன சொல்வேன்? உங்கள் அம்மாவைத் தொலைத்துவிட்டேன் என்றா?

பக்கத்துக் கிழவி என் பக்கம் திரும்பினார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அது என் போனாச்சே" என்றார்.

திருப்பதியில் மொட்டையைத் தேடின கதை என்று ஊரே சொல்லிச் சிரிக்கும். நான் அதைவிடக் கேவலம். திருப்பதியில் மொட்டையை விட்டுவிட்டு முடியைத் தேடியிருக்கிறேன்.

போன உயிர் வந்தது. வந்த உயிரோடு கோபமும் வந்தது. "சொல்லிட்டுப் போகக் கூடாதாம்மா?" என்று கத்திவிட்டேன். "சொன்னா நேரமில்லைன்னு தடுத்திருப்பியேம்மா நீ" என்றார். தடுத்திருப்பேன்தான். குளித்து, துணிப்பையில் கொண்டுவந்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு என் முகம் தெரியவில்லை. ஒலிபெருக்கியில் தன் பெயர் கேட்டதும், பக்கத்தில் நின்ற கோயில் தொண்டரிடம், "என்னைத்தான் கூப்பிடறாங்க" என்றாராம். அந்த ஆள் தலையைப் பார்த்துவிட்டு, "நீங்க இல்லம்மா, அவங்களுக்குப் பின்னல் இருக்குதாம்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டாராம்.

வண்டி கிளம்பும்போது மணி ஒன்றே கால். இறங்குகிற பாதையில் இன்னொரு சோதனை. மேலே நேரம் குறித்துச் சீட்டு கொடுப்பார்கள். வேகமாக வந்து, குறித்த நேரத்துக்கு முன்னால் கீழே சேர்ந்தால் அபராதம் போட்டு நிறுத்திவைப்பார்கள். டிரைவர் அண்ணா அவசரத்தில் கொஞ்சம் சீக்கிரமே இறக்கிவிட்டார். அதனால் அடிவாரத்துக்குச் சற்று முன்னால், அதே தப்பு செய்த நான்கைந்து வண்டிகளோடு, நேரம் ஆகும்வரை ஓரங்கட்டி நின்றோம். கப்பல் போய்விடும் என்ற பயத்தோடு, ரோட்டோரக் குரங்கைப் பார்த்துக்கொண்டு எட்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான எட்டு நிமிடம் வேறில்லை.

புத்தூரிலிருந்து பிச்சாட்டூர் வழியாக விட்டார் அண்ணா. என் ஊர், என் ஏரி, எதையும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஊத்துக்கோட்டை தாண்டியதும்தான் பேச வாய் வந்தது. "மூணு தடவை உங்களத் தாண்டிப் போனேம்மா. தெரியல. மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"பரவால்லம்மா. பக்கத்துல இருந்தும் ஆளைத் தெரியாம போறது எனக்குப் பழக்கந்தான்" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். பல வருடம் முன்பு இந்த அம்மாவுக்குப் பெரிய ஆபரேஷன் நடந்தபோது, மனைவி பிழைத்து எழுந்தால் இங்கே வந்து மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டவர் கணவர். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்றே தள்ளிப் போயிற்று. பிறகு எல்லாமே மறந்துபோயிற்று.

"அவர் மறந்துட்டார். பெருமாள் மறக்க மாட்டார். அவருக்குப் பதிலா நான் குடுத்தேன்."

சற்று நேரம் கழித்து, மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே, "ஒண்ணுதான் பயமா இருக்கு. நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. ஆனா ராத்திரியில என் பின்னலைக் கையில பிடிச்சுக்கிட்டாத்தான் தூங்குவார்" என்றார்.

அதுவரை கப்பலைப் பற்றி மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன். ரியர்வியூ கண்ணாடியில் டிரைவர் அண்ணாவின் கண்ணைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்தார். "தெரிஞ்சே குடுத்தீங்களாம்மா?" என்றேன். "வேற என்னம்மா இருக்கு என்கிட்ட, அவருக்காகக் குடுக்க?" என்றார்.

துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றன. ஐந்தரை. ஐந்தே முக்கால். டிரைவர் அண்ணா, கேட்கக் கூடாத சென்னைத் தமிழை எல்லா லாரிக்காரர்களுக்கும் வழங்கி, சந்து பொந்தெல்லாம் நுழைந்து, ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலில் நிறுத்தினார்.

வாசலில் இருந்த காவலர் அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். படத்தில் தோளில் புரளும் வெள்ளைப் பின்னல். எதிரே மொட்டை. "இது இவங்க இல்லியே" என்றார். பாஸ்போர்ட்டை நீட்டினேன், அதிலும் அதே பின்னல். உள்ளே மகள் தூரத்திலிருந்து ஓடி வருவது தெரிந்தது. அவளும் பாதி வழியில், யாரோ என்று தயங்கி நின்றுவிட்டாள்.

காவலர் கொஞ்சம் யோசித்து, படத்தில் இருந்த முடியைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு முகத்தை மட்டும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "திருப்பதியாம்மா?" என்றார். அந்த அம்மா தலையாட்டினார். காவலர் கன்னத்தில் போட்டுக்கொண்டு வழிவிட்டார். நான் காலையிலிருந்து செய்யத் தெரியாமல் தவித்ததை அந்த மனுஷர் ஒரு விரலால் செய்துவிட்டார்.

அந்த அம்மா திரும்பி என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். மகள் அவர் தலையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டது வரைக்கும் தெரிந்தது. அதற்குள் இருட்ட ஆரம்பித்துவிட்டது.

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்நேரம் அந்த அம்மாவின் கணவர் இருட்டில் பின்னலைத் தேடித் துழாவிக்கொண்டிருப்பார், கதவைத் தட்டிக்கொண்டிருப்பார் என்றே தோன்றியது. "உடு பாப்பா, பெருமாள் பாத்துப்பாரு" என்றார் டிரைவர் அண்ணா. அவரும் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள், கப்பல் ஏதோ கரையைத் தொட்டிருக்க வேண்டும், போனில் செய்தி வந்தது. எழுதியது மகள், அம்மா சொல்லச் சொல்ல எழுதியிருந்தாள்.

"அன்னிக்கு ராத்திரி பின்னலைத் தேடினார். கை மொட்டையில பட்டுச்சு. ரொம்ப நேரம் தடவிக்கிட்டே இருந்தார். அப்புறம், பெருமாளைப் பார்த்தியான்னு கேட்டார். பார்த்தேன்னு பொய் சொன்னேன். நிம்மதியா தூங்கிட்டார்."