இரண்டு பேருக்குப் பதில் எழுதுக

நாற்பத்தோரு வயதில் இணையவழி பி.ஏ. சமூகவியலில் சேர்ந்தேன். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் புடவைப் பிரிவில் பதினாறு வருடமாக நிற்கிறேன். பட்டம் இருந்தால் சூப்பர்வைசர் ஆகலாம் என்று மேனேஜர் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வகுப்பில் வாரம் ஒரு தலைப்பு தருவார்கள். ஞாயிறு இரவுக்குள் விவாதப் பலகையில் நம் பதிவை எழுத வேண்டும். அதற்கு ஐந்து மதிப்பெண். மறுநாள் மாலைக்குள் இரண்டு பேருடைய பதிவுக்குப் பதில் எழுதினால் இரண்டு. நம் பதிவின் கீழே யாராவது கேள்வி கேட்டு அதற்கு நாம் விடை சொன்னால் மூன்று. என் சிக்கல் அந்த மூன்றில்தான் இருந்தது. யாரும் கேட்காவிட்டால் நான் எதற்கு விடை சொல்வது?

முதலில் எழுதியவர் பதிவு மேலே நிற்கும். பிந்தியவர் அடியில். வீட்டிலிருந்து படிப்பவர்கள் செவ்வாய்க்கிழமையே எழுதிவிடுவார்கள். எனக்குப் பாடத்தைக் கேட்டு முடிக்கவே சனிக்கிழமை ஆகிவிடும். பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்து, ஞாயிறு மதியச் சாப்பாட்டு இடைவேளையில் குடோன் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் ஏற்றுவேன். அதற்குள் எல்லாரும் மேலே உள்ளவர்களுக்கு இரண்டு பதில் எழுதிவிட்டுக் கையைக் கழுவியிருப்பார்கள்.

பத்து வாரம். ஒரு கேள்விகூட வரவில்லை. வாரம் மூன்று மதிப்பெண் போகிறதே என்பது ஒரு பக்கம். யாருமே படிக்காததை மெனக்கெட்டு எழுதுகிறோமே என்பதுதான் அதைவிட வலித்தது. பத்தாவது வாரத் திங்கள் மதியம் பார்த்தேன். வழக்கம்போல் ஒன்றுமில்லை. படிப்பை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். விடுவதற்கு முன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவது. கோபம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

உள்பாவாடைப் பிரிவில் இருக்கும் என் தோழி பக்கத்தில் உட்கார்ந்து தக்காளி சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, சோத்த தொடாம மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற?"

சொன்னேன்.

"பொதுவா கேட்டா எவனும் கண்டுக்க மாட்டான். யாரு யாருக்கு எழுதிகீறாங்கன்னு லிஸ்ட்டு போட்டு கேளு. அப்பதான் ஒறைக்கும்."

நல்ல யோசனையாகப் பட்டது. அவள் என் போனை வாங்கி ஒவ்வொரு வாரமாகத் திறந்து சொல்ல, நான் பில் புத்தகத்தில் குறித்தேன். மேலே இருந்த பதிவுகளுக்குப் பதில்கள் குவிந்திருந்தன. இறங்க இறங்கக் குறைந்தன. எனக்குச் சைபர்.

"உன்கு கீழயும் ஒருத்தங்க கீறாங்களேக்கா. எல்லா வாரமும் அவுங்கதான் லாஸ்ட்டு. அவுங்களுக்கும் சைபர்."

"சரி, அடுத்தத சொல்லு."

"நீகூட போடலியா அவுங்களுக்கு?"

அவள் குத்திக் காட்டவில்லை. லிஸ்ட்டுக்காகத்தான் கேட்டாள். எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. பத்து வாரமும் நானும் மேலே இருந்த இரண்டு பேருக்கே எழுதியிருந்தேன். 'அருமையான பதிவு, சிறப்பாக விளக்கியிருக்கிறீர்கள்.' எந்தப் புடவையை எடுத்தாலும் 'உங்க கலருக்கு எடுப்பா இருக்கும்மா' என்று சொல்கிற அதே வாய். கடையில் கூட்டத்துக்குப் பின்னால் கூச்சத்தோடு நிற்கிறவரைத்தான் முதலில் கூப்பிடுவேன் என்று எனக்கு ஒரு பெருமை வேறு. வெட்கமாக இருந்தது.

அந்த வாரத் தலைப்பு உழைப்பும் உடலும். எனக்குக் கீழே இருந்தவரின் பதிவைத் திறந்தேன். நாலே வரி. ஆற்றங்கரையிலிருந்து ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்ட குடும்பம். தினமும் அடையாறில் ஓர் அலுவலகத்துக்கு ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு வருகிறார். 'வேலையில் உட்கார முடியாது. பஸ்ஸிலாவது உட்கார்ந்து வர வேண்டும் என்று, வீட்டுக்குப் பக்கத்து ஸ்டாப்பில் ஏறாமல், பின்னால் நடந்து போய் பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறுகிறேன்.'

அருமையான பதிவு என்று எழுத வரவில்லை. எனக்கு நிஜமாகவே ஒரு சந்தேகம். 'உட்காருவதற்காக அவ்வளவு தூரம் நடந்தால் கால் இன்னும் வலிக்காதா?' என்று கேட்டேன்.

டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் விடை வந்திருந்தது.

'அரை மணி நேரம் நடக்கிறேன் அக்கா. வலிக்கும்தான். ஆனால் நின்றுகொண்டே வந்தால் போனில் பாடம் படிக்க முடியாது. எல்லாருடைய பதிவையும் பஸ்ஸில்தான் படிப்பேன். உங்களுடையது ஒன்றுவிடாமல் படித்திருக்கிறேன். மேலே இருக்கும் இரண்டு பேருக்குத்தான் பதில் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னிக்கவும்.'

என் பதிவின் கீழே போய்ப் பார்த்தேன். மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"லிஸ்ட்ட எப்ப போடப் போற?" என்றாள் தோழி.

போடவில்லை என்றேன். பத்து வாரமாக என்னை யாருமே படிக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன். பத்தையும் ஒருவர், காலையில் அரை மணி நேரம் நடந்து போய்ப் பிடித்த சீட்டில் உட்கார்ந்து படித்திருக்கிறார்.