எல்லாக் கோட்டுக்கும் ஒரே உச்சி

தொண்ணூறுகளில், பெருங்களத்தூரில் ஒரு மாடி அறையில், கம்ப்யூட்டர் திரையில் வரைபடம் போடும் ஃபங்ஷன்களை, அதாவது சின்னச் சின்ன நிரல்களை, எழுதி விற்றுக்கொண்டிருந்தோம். நாங்கள் இரண்டே பேர். கோடு வரைய ஒன்று, பட்டை வரைய ஒன்று, புள்ளி வைக்க ஒன்று. படத்தின் உச்ச அளவை யாரும் சொல்லாவிட்டால் கோடு தானாக நூறு என்று எடுத்துக்கொள்ளும். மற்ற இரண்டும் இருநூறு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடமா என்று என்னோடு வேலை செய்தவனை மாதக்கணக்கில் அரித்தெடுத்தேன்.

ஒரு மதியம் அவன் சிரித்தபடி உள்ளே வந்தான்.

"அக்கா, இனிமே எல்லாத்துக்கும் இருநூறுதான். திருமுடிவாக்கத்துல புது ஃப்ளாப்பிய போட்டுக் குடுத்துட்டே வந்துட்டேன்."

போனை எடுத்தேன். திருமுடிவாக்கம் பட்டறையில் டாங்குகளுக்குக் காற்றடைத்துச் சோதிப்பவர் என் கணவர். டாங்குக்குள் ஏறும் காற்றழுத்தத்தை எங்கள் கோடுதான் அங்கே திரையில் காட்டும். அவர் எண்களையெல்லாம் பார்க்க மாட்டார். கோடு உச்சியைத் தொட்டால் வால்வை மூடுவார், அவ்வளவுதான். அழுத்தம் நூறைத் தாண்டினால் டாங்க் எப்போது வேண்டுமானாலும் பிளக்கலாம். இனி பாதித் திரையிலேயே நூறு வந்துவிடும். அவரோ உச்சிக்காகக் காத்துக்கொண்டிருப்பார்.

பட்டறை லைன் எங்கேஜ்டு. திரும்பத் திரும்ப எங்கேஜ்டு. ஆட்டோ பிடித்தால் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று அசைந்து அசைந்து போனது. தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன், நடுவில் டிரைவரையும் விரட்டினேன்.

"இன்னாம்மா பேஜார் பண்ற? கேட்டு தொறந்தாதான போவ முடியும்," என்றார் அவர்.

முடிச்சூர் சாலை நெடுக, வெடிச் சத்தம் கேட்டுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் போன லாரியின் ஹாரனுக்கே உயிர் போய் வந்தது.

பட்டறையில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. டாங்கை ஒட்டி நின்று, வால்வில் கையை வைத்தபடி, அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடு பாதியைத் தாண்டியிருந்தது.

"மூடுங்க," என்றேன். கம்ப்ரஸர் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. ஓடிப்போய் அவர் கையைத் தள்ளிவிட்டு நானே திருகி மூடினேன்.

"எல்லாரும் பாக்குறாங்க. இன்னும் மேலயே வரல, அதுக்குள்ள எதுக்கு மூடுற?" என்றார் எரிச்சலோடு.

"அளவு மாறிடுச்சுங்க. பாதியே நூறு."

அவர் நம்பவில்லை. "நீங்க ரெண்டு பேரும் பண்ணதுதானே? என்கிட்ட சொல்லாம எப்படி மாறும்?"

மாற்றச் சொல்லி மாதக்கணக்கில் அரித்தவள் நான்தானே; ரயில்வே கேட்டில்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.