ஆர்ச்சில் நின்ற ஊர்

விழுப்புரம் சாலையில், மதகடிப்பட்டைத் தாண்டி, எங்கள் ஊருக்கு ஒரு ஆர்ச் உண்டு. ஊர் அங்கே இல்லை. வயல்களுக்கு நடுவே வளைந்துபோய் ஏரிக்கரையில் ஏறி இறங்கினால்தான் வீடுகள் வரும். ஆனால் செல்போன் மேப்பில் ஊர்ப்பெயர் ஆர்ச்சின் மேலேயே இருந்தது. வைத்தவர்கள் எங்கள் ஊர்ப் பையன்கள்தான். சம்பந்தம் பேசப் போன இடங்களில் மேப்பைத் திறந்து பார்த்து, “வயக்காட்டுக்குள்ள இருக்குது” என்று பெண் தர மறுக்கிறார்களாம். அதனால் ஊரையே மெயின் ரோட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள்.

என் மகளுக்கு வலிப்பு வரும்வரை எனக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது. அன்றைக்கு ஆம்புலன்ஸ்காரர் போன் செய்தார். “வந்துட்டோம்மா, மேப்பு ரீச் ஆயிட்டதா காட்டுது. வூடு எங்க?”

வழி சொன்னேன். ஏரிக்கரைப் பிரிவில் தவறிப்போனார்கள். வாயில் நுரையோடு கிடந்த பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, வண்டியைத் தேடி நானே ஓடினேன். அரியூர் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள். மறுபடியும் வரலாம் என்றார் டாக்டர். இன்னொரு முறை அவளை விட்டு ஓடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

மேப்பில் திருத்தி அனுப்பினேன். ஏற்கவில்லை. மறுபடி அனுப்பினேன். பையன்கள் அத்தனை பேரும் சேர்ந்து சரியென்று சொன்ன இடத்தை ஒருத்தி சொன்னால் மாற்றிவிடுவார்களா? பையன்களிடம் போனேன்.

“இந்த முகூர்த்தம் முடியட்டும்க்கா,” என்றான் ஒருவன்.

“கல்யாணம் ஆனா உன் பொண்டாட்டிக்குப் பிரசவ வலி வராதாடா? அவளயும் ஆர்ச்சுலயா படுக்க வெப்ப?”

நான் விடவில்லை. மகளிர் குழுக் கூட்டத்தில் ஒவ்வொருத்தியின் போனையும் பிடுங்காத குறையாக வாங்கி, எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் மாரியம்மன் கோயிலை ஊர் இருக்கும் இடமாகக் குறித்து அனுப்பவைத்தேன். “உனக்கு வேற வேலயே இல்லியாடி?” என்றார்கள். இல்லை என்றேன். ஒருநாள் ஊர்ப்பெயர் நகர்ந்து ஊருக்குள் வந்தது.

மழை பிடித்த ஒரு சாயங்காலம் மறுபடி வலிப்பு. ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்.

“ஆர்ச்சுக்கு ஓடுடி, நா பாத்துக்கறேன்,” என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

வாசல்வரை போய்விட்டேன். இவ்வளவு மல்லுக்கட்டிவிட்டு நானே நம்பாவிட்டால் எப்படி? திரும்பி வந்து, மகளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையை மடியில் ஏந்திக்கொண்டேன். ஏரிக்கரைப் பக்கம் சைரன் கேட்டது. எங்கேயும் நிற்காமல் நெருங்கி வந்தது.

அவள் கண் திறந்தபோது நான் அங்கேயே இருந்தேன்.